மாசமாக இருக்கும்போது டீமை நடத்தலாமா? ஒரு பி.இ.டி. டீச்சரின் பதில்

கேள்வி இதுதான். கேட்டவர் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இப்போது 11 வாரம். ஜனவரி முதல் வாரத்தில் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். 17 வயதுக்குட்பட்ட பெண்கள் வாலிபால் டீம் அவர் கையில் இருக்கிறது. ஆகஸ்டில் ஜோனல், அதாவது நம் பகுதிப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. மாமியார் "கிரவுண்டுப் பக்கமே போகக் கூடாது" என்கிறார். ஹெச்.எம். "இந்த வருஷம் டீம் அனுப்ப வேண்டாமே" என்கிறார். டாக்டரம்மா "நார்மலா இருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் என்ன செய்யட்டும், போட்டிக்குப் பஸ்ஸில் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் 22 வருடமாகப் பள்ளிக்கூட வாலிபால் டீம்களோடு இருப்பவள். என் இரண்டு பிரசவமும் சீசன் நடுவில்தான் வந்தன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நடத்தலாம். ஆனால் போன வருடம் நடத்திய மாதிரி நடத்த முடியாது. உங்கள் உடம்பை வைத்து நீங்கள் செய்துகொண்டிருந்த வேலைகளை வேறு ஆளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கண்ணாலும் வாயாலும் செய்யும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதை இந்த வாரமே தொடங்குங்கள். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் ஜோனல் வந்துவிடும்.

முதலில் டாக்டர். "நார்மலா இருங்க" என்பது உங்களுக்குப் போதாது. அவர் மனதில் இருக்கும் நார்மல் வேறு, தினம் இரண்டு மணி நேரம் மண் கிரவுண்டில் நிற்கும் உங்கள் நார்மல் வேறு. அடுத்த முறை போகும்போது உங்கள் வேலை என்ன என்பதைச் சொல்லுங்கள்: எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், வெயில் எப்படி, பந்து எந்த வேகத்தில் வரும், எத்தனை கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். அப்புறம் குறிப்பாகக் கேளுங்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதா? கர்ப்பப்பை வாய் நீளம் சரியாக இருக்கிறதா, தையல் போட வேண்டிய நிலையா? பிரஷர் எப்படி? ரத்த அளவு எவ்வளவு? இரட்டைக் குழந்தையா? முன்பு குறைமாதப் பிரசவமோ கருச்சிதைவோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் நான் கீழே எழுதுவது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, டாக்டர் சொல்வதுதான் கணக்கு. எல்லாம் சரியாக இருந்தால் உடம்பை அசைப்பது தப்பே இல்லை. கர்ப்பிணிகளுக்கு வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி நல்லது என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

மாமியாரையும் அந்தச் செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என் அத்தை முதல் பிள்ளைக்கு என்னோடு மூன்று மாதம் சண்டை போட்டார். டாக்டரம்மா அவர் முன்னாலேயே எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பிரித்துச் சொன்ன பிறகு, தினம் காலையில் மோர் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்தவர் அவர்தான். பெரியவர்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி எது என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டால் மீதி பயம் தானாக இறங்கிவிடும்.

இனி கோர்ட். நம் வேலையில் ஆபத்து ஓட்டத்தில் அதிகம் இல்லை. பந்திலும் மோதலிலும் தடுக்கி விழுவதிலும்தான் இருக்கிறது. 12 வாரம் வரை கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள்ளேயே இருக்கும், அந்த எலும்பே அதற்குக் கவசம். அதற்குப் பிறகு மேலே ஏறி வந்துவிடும். அதாவது உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அடி பலமாகப் பட்டால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடலாம், அதுதான் பயம். வாலிபால் 260 முதல் 280 கிராம்தான். ஆனால் நன்றாக அடிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை நெட்டுக்கு மேலிருந்து அடித்தால் அது கையையே எரிய வைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

எதையெல்லாம் விட வேண்டும்? நெட்டுக்கு அடியில் நின்று ஸ்மாஷுக்குப் பந்து தூக்கிப் போடுவது. டிஃபென்ஸ் பயிற்சிக்கு மேசை மேல் ஏறி நின்று பந்து அடிப்பது. இதை நாம் எல்லோரும் செய்கிறோம், பள்ளிக்கூட மேசை எப்படி ஆடும் என்பதும் நமக்குத் தெரியும். மாசமாக இருக்கும்போது மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்ந்துவிடும், உடம்பின் எடை முன்னால் போய்விடும். நேற்று வரை ஒற்றைக் காலில் நின்றவளுக்கு இன்று திரும்பும்போதே தள்ளாடும். அதனால் மேசை வேண்டாம், டைவ் போட்டுக் காட்ட வேண்டாம், ஆள் குறைகிறது என்று ஆறாவது ஆளாகக் கோர்ட்டில் இறங்கவும் வேண்டாம். கம்பம் நடுவது, பந்து மூட்டை தூக்குவது, ரோலர் தள்ளுவது எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் விடுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது பிள்ளை, ஆறாம் மாதம். நான் பக்கக் கோட்டிலிருந்து இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். பக்கவாட்டில் போன பந்தை எடுக்க ஒரு பிள்ளை பாய்ந்து வந்தாள். கண் முழுக்கப் பந்தில் இருந்தது. என் காலில் வந்து இடித்தாள், நான் பக்கவாட்டில் விழுந்து கையை ஊன்றினேன். வயிற்றில் அடியே படவில்லை. வலியும் இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடர இருந்தேன். உடனிருந்த தமிழ் டீச்சர் விடவில்லை, ஆட்டோவை வரவழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 20 வாரத்தைத் தாண்டி விழுந்தாலோ வயிற்றில் அடிபட்டாலோ, வலி இல்லாவிட்டாலும் அப்படிப் பார்த்தாக வேண்டுமாம். என் ரத்தம் ஓ நெகட்டிவ். அதற்கு ஒரு ஊசி, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி; தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுப்பது அது. நான் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் அந்த ஊசி தவறியிருக்கும். உங்கள் ரத்த வகையை இன்றே ஒரு சீட்டில் எழுதி விசில் கயிற்றோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதை உங்கள் கேப்டனும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

அந்தப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை, அழுதுகொண்டே இருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் நான் திரும்பி வந்தபோது கோர்ட்டுக்கு வெளியே, பின் கோட்டின் மூலையிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு நாற்காலி கிடந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். கோர்ட்டுக்குக் கோடு போடும் அதே தூள். "மிஸ், நீங்க இதைத் தாண்டி வரக் கூடாது, நாங்க இதுக்குள்ள வர மாட்டோம்" என்றாள் கேப்டன். கட்டத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு மாற்று ஆட்டக்காரி பந்தைத் தடுக்க நின்றாள். மழை பெய்து கோடு அழிந்தால் மறுநாள் காலையில் யாராவது புதிதாகப் போட்டிருப்பார்கள். நானே யோசித்திருக்க வேண்டிய ஏற்பாடு அது. நீங்கள் முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். பக்கக் கோட்டு ஓரம் வேண்டாம், பந்து அதிகம் பறப்பது அங்கேதான். பின் கோட்டின் மூலையில், குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி, பிள்ளைகள் பின்னோக்கி ஓடும் பாதையில் இல்லாமல் உட்காருங்கள்.

அந்த மூலையில் உட்கார்ந்து இருபது நாள் பார்த்தபோதுதான் என் லிஃப்டர் (ஸ்மாஷ் அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்) ஒவ்வொரு முறையும் வலது காலை முன்னால் வைக்காமல் பந்தைத் தூக்குகிறாள் என்பது தெரிந்தது. இரண்டு வருடமாக நான் அவளுக்குப் பக்கத்திலேயே நின்று பந்து போட்டுக்கொண்டிருந்தேன், அவள் பாதத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. செய்து காட்ட முடியாதபோது வாயால் சொல்லியாக வேண்டும், வாயால் சொல்ல வேண்டுமென்றால் இன்னும் கூர்ந்து பார்த்தாக வேண்டும். "இப்படிப் பண்ணு" என்று காட்டிக்கொண்டிருந்த நான், "பந்து உன் நெற்றிக்கு நேரா வர்ற வரைக்கும் காத்திரு, அப்புறம் முட்டியை நிமிர்த்து" என்று சொல்லக் கற்றேன். அந்த வருடம் பிள்ளைகள் பந்தைப் பாஸ் செய்வது நன்றாகத் தேறியது.

செய்து காட்டும் வேலையை யாருக்குக் கொடுப்பது? உங்கள் டீமில் ஆடிவிட்டு இப்போது ஊரிலேயே கல்லூரிக்குப் போகிற பழைய மாணவி ஒருத்தி கட்டாயம் இருப்பாள். ஹெச்.எம்.மிடம் எழுத்தில் அனுமதி வாங்கி அவளைக் காலைப் பயிற்சிக்கு வரச் சொல்லுங்கள். ஆண் பி.டி. மாஸ்டர் இருந்தால் அவரும் உதவலாம். ஆனால் பெண் பிள்ளைகளை வெளியூர் கூட்டிப் போக ஒரு டீச்சர் கூட வரவில்லை என்றால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஹெச்.எம். "டீம் வேண்டாமே" என்று சொல்வதன் பின்னால் இதுதான் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். அதனால் அவரிடம் போகும்போது வெறும் ஆசையோடு போகாதீர்கள், ஒரு பேப்பரோடு போங்கள். ஜோனலுக்கு நான் வருவேன், என்னோடு மேனேஜராக இன்ன டீச்சர் வருவார். அக்டோபருக்குப் பிறகு வரும் எந்தப் போட்டிக்கும் அவரே பொறுப்பு, பழைய மாணவி பயிற்சி கொடுப்பாள், நான் போனில் இருப்பேன். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு வருடம் போனால் போனதுதான், வயது வரம்பு அவளுக்காகக் காத்திருக்காது. ஒரு சீசன் வீட்டில் உட்கார்ந்த பெண் பிள்ளை அடுத்த சீசனுக்குத் திரும்பி வருவது நம் ஊரில் எவ்வளவு அபூர்வம் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு இதில் மனசு ரொம்ப அடித்துக்கொள்ளும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஜோனல் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் சுமார் 20 வாரத்தில் இருப்பீர்கள், உடம்பு ஓரளவு நன்றாக இருக்கும் காலம்தான். ஆனால் காலை எட்டு மணிக்குப் போனால் உங்கள் மேட்ச் மூன்று மணிக்கும் நடக்கலாம். நிழல் இருக்காது. எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை கழிப்பறை. போட்டி நடக்கும் பல கிரவுண்டுகளில் பெண்களுக்குச் சரியான கழிப்பறை இல்லை, நாம் எல்லோருமே தண்ணீர் குடிக்காமல் சமாளித்துப் பழகியவர்கள். மாசமாக இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. நீர் குறைந்தால் வயிறு இறுகிப் பிடிக்க ஆரம்பிக்கும், சிறுநீரை அடக்கினால் தொற்று வரும், அந்தத் தொற்று முன்கூட்டியே வலியைக் கொண்டுவந்துவிடலாம். முந்தின வாரமே போட்டி நடத்தும் பள்ளிக்குப் போன் செய்து, ஆசிரியைகள் பயன்படுத்தும் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டு வையுங்கள். நான் ஒருமுறை கேட்டேன், அன்று எட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் அந்தக் கதவைப் பயன்படுத்தினார்கள். நீங்கள் பாட்டிலைத் திறந்து குடிப்பதைப் பார்த்தால்தான் உங்கள் பிள்ளைகளும் குடிப்பார்கள்.

மேட்ச் நடக்கும்போது பயிற்சியாளர் நின்றே ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொல்லலாம். ஒரு செட்டுக்கு இரண்டு டைம்-அவுட், ஒவ்வொன்றும் 30 விநாடி. பிள்ளைகள் உங்களிடம் வரட்டும், நீங்கள் எழுந்து ஓட வேண்டாம். கத்த மூச்சு வராது. குழந்தை வளர வளர நுரையீரலை மேலே தள்ளும், அதனால் முன்கூட்டியே கை சைகைகளைப் பழக்கி வையுங்கள். ஒரு சின்னக் கணக்கு: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலை அதிகம்.

வெயிலைக் குறைத்து மதிக்காதீர்கள். முதல் மூன்று மாதத்தில் உடம்புச் சூடு 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறுவது குழந்தையின் மூளை, தண்டுவட வளர்ச்சிக்கு நல்லதல்ல. பிந்தைய மாதங்களில் மயக்கம் வரும். காலை ஆறரை முதல் எட்டு, மாலை ஐந்துக்கு மேல் என்று பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குமட்டல் இருந்தால் வெறும் வயிற்றோடு போகாமல் ரெண்டு ரஸ்க், ஒரு கைப்பிடி பொரி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கிரவுண்டில் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை சத்து உடம்பில் சேராது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அது கர்ப்பிணிக்கு ரத்தசோகைதான். படி ஏறும்போது மூச்சு வாங்குவதை "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று, அம்மை. பிள்ளைகளுக்குச் சின்னம்மை போட்டால் நம் வீடுகளில் வேப்பிலை வைத்து, தண்ணீர் ஊற்றி அனுப்பிவிடுவார்கள். டீச்சருக்குத் தெரியாமலே அவள் கோர்ட்டில் வந்து நிற்பாள். கொப்புளம் எல்லாம் காய்ந்து பக்கு கட்டும் வரை அது பரவும். உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். வந்ததில்லை என்றால், டீமில் யாருக்காவது வந்தது தெரிந்த அன்றே டாக்டரைப் பாருங்கள். அதற்கான பாதுகாப்பு ஊசியை 10 நாளுக்குள் போட்டால்தான் பயன். ஜெர்மன் அம்மை என்கிற ரூபெல்லாவும் கர்ப்பத்துக்கு ஆகாதது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்களே, அதன் காரணத்தில் பாதி நம்மைப் போன்றவர்களின் வயிற்றுப் பிள்ளைதான்.

பிள்ளைகளிடம் எப்போது சொல்வது? மூன்று மாதம் முடிந்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வாயிலிருந்து அவர்களுக்குத் தெரிய வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாம் புரியும். என் டீமில் சொன்னபோது முதலில் வந்த கேள்வி, "எங்களை விட்டுப் போயிடுவீங்களா மிஸ்?" என்பதுதான். எந்தத் தேதி வரை இருப்பேன், அதற்குப் பிறகு யார் வருவார், எப்போது திரும்புவேன் என்று நேராகச் சொன்னேன். அன்றே என்னென்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கேப்டனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: மிஸ் மயங்கினால் இடது பக்கம் சாய்த்துப் படுக்க வை, ஒருத்தி 108-க்கு அடி, ஒருத்தி ஹெச்.எம். ரூமுக்கு ஓடு.

இதெல்லாம் வந்தால் பயிற்சியை அந்த நிமிடமே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: ரத்தக் கசிவு, நீர் ஒழுகுவது, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், தலைச்சுற்றல், நெஞ்சுவலி, விடாத தலைவலி, பார்வை மங்குவது, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியோடு வீக்கம். 28 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. "இந்த செட் முடியட்டும்" என்ற நினைப்பு எனக்கே வந்திருக்கிறது. அந்த நினைப்புக்கு இடம் கொடுக்காதீர்கள்.

வளைகாப்பு நடந்ததும் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் நிறைந்திருக்கும், பிள்ளைகளும் ஆளுக்கொன்று போட்டுவிடுவார்கள். கழற்றக் கூடாது என்பார்கள் வீட்டில். கோர்ட் பக்கம் வரும்போது ஒரு பந்து பட்டாலே உடைந்து கையைக் கிழிக்கும். நான் முழுக்கைச் சட்டையை மேலே போட்டு மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டேன், யார் மனதும் நோகவில்லை.

எப்போது நிறுத்துவது? உங்கள் கணக்கில் அக்டோபர் கடைசியில் 30 வாரம் ஆகும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும், களிமண் கோர்ட் வழுக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதோடு கிரவுண்டை விட்டுவிடுவேன். சட்டமும் அந்தக் கணக்குக்கு ஒத்துவருகிறது. பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரத்திலும், அதற்கு முந்தைய ஒரு மாதத்திலும், கடினமான வேலையையோ நெடுநேரம் நிற்கும் வேலையையோ தரக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டால்தான், அதனால் எழுதிக் கொடுங்கள். விடுப்பைப் பொறுத்தவரை, தமிழக அரசுப் பணியில் 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். சட்டப்படியான பொதுக் கணக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். உதவி பெறும் பள்ளி என்பதால் உங்கள் பணியிடம் அரசு அனுமதித்ததா, நிர்வாகம் சம்பளம் தருவதா என்று அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அதில் ஹரிகா துரோணவல்லி நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு வந்து உட்கார்ந்து ஆடினார். இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. அதைச் சொல்லி உங்களை யாராவது "அவங்களே ஆடினாங்களே" என்று இழுத்தால் இழுபடாதீர்கள். அவர் ஆடியது உட்கார்ந்து ஆடும் ஆட்டம், டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது டாக்டரைக் கேட்டுக்கொண்ட அந்த முன்னேற்பாட்டைத்தான்.

கபடி, கிரிக்கெட் டீம் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை: கபடியில் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கவே வேண்டாம், ரைடர் எந்தப் பக்கம் வந்து விழுவாள் என்று யாருக்கும் தெரியாது. கிரிக்கெட்டில் பேட் பிடிப்பவருக்குப் பக்கத்தில் நின்று லெதர் பந்தை எறியும் த்ரோ-டவுன் பயிற்சி வேண்டாம்.

பஸ் பயணம் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஜோனலுக்கு டவுன் பஸ் என்றால் பின் சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டிலும் கடைசி சீட்டிலும் உட்காராதீர்கள், குலுக்கல் எல்லாம் அங்கேதான். டூவீலரில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து பந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போகிற நம் வழக்கம் இந்த வருடம் வேண்டாம். மூட்டை பிள்ளைகளோடு பஸ்ஸில் வரட்டும். பையில் மோர், இரண்டு வாழைப்பழம், மாற்றுத் துணி, செக்கப் நோட்டு, ரத்த வகைச் சீட்டு. ஜோனல் முடிந்ததும் என்ன ஆனது என்று எழுதுங்கள், உங்கள் லிஃப்டரின் கால் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து.